கடைசி விளக்கின் முடிவை நான் சொல்லிவிட்ட விவரம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுதுவது வழக்கம். நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நலமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கடைக்கு வேலைக்குப் போகிறேன், தைத்துக் கொடுத்த துணி எதுவும் இதுவரை திரும்பி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே நீங்களும், உங்கள் வீட்டுக்காரியும், பிள்ளைகள் இரண்டு பேரும், உங்கள் முதுகு வலியும் எப்படி என்று தெரியப்படுத்தவும்.

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துக்கொண்டு வருவதாகவும், அண்ணனுடைய சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கழித்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணி, என்னையும் கையோடு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும், பின்பக்கத்து அறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அவர் போன இந்த நாலு மாதமாக நீங்கள் கூப்பிடுவதும் நான் முடியாது என்பதுமாக இருந்தோம். இப்போது நானே சொல்கிறேன். வாருங்கள். வண்டி பெரியதாக இருக்கட்டும். ஏற்ற வேண்டியது: அண்ணன் டிவியில் பார்த்த அந்தத் தொடரின் நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயங்களும் சிடியாக உள்ள டிரங்குப் பெட்டி ஒன்று, நானே தைத்த சாம்பல் நிற ஓவரால் பதினொன்று, தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட் ஆறு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி அளவுக்கு ஒரு கப்பல். இதில் ஒரு திருகாணிகூட இந்த வீட்டில் மிச்சம் இருக்கக்கூடாது. நான் ஒன்றைச் சொன்னால் மாற்ற மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று வரைக்கும் மாட்டேன் என்றவள் இன்றைக்கு ஏன் சரி என்கிறாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தத் தொடரைச் சொல்ல வேண்டும். தெரிஞ்சுக்கவே மாட்டேன்னு இருபது வருஷம் பிடிவாதமா இருந்துட்டீங்க தம்பி, இப்ப வேற வழியில்ல, கேட்டுக்கோங்க.

அதுக்குப் பேரு 'கடைசி விளக்கு வரை'. ஆகாசத்துல கப்பல் போகுது, வருது. அங்க ரோடு கிடையாது, கைகாட்டி மரம் கிடையாது, கும்மிருட்டு. வழி தெரியறதுக்காக அந்தக் காலத்துலயே யாரோ தூரத்துக்கு ஒண்ணா விளக்கு நட்டு வச்சிருக்காங்க. விளக்குன்னா நம்ம வீட்டு விளக்கு இல்ல, ஒவ்வொண்ணும் மலை உசரம். அதெல்லாம் பழசாகி ஒண்ணொண்ணா அணைஞ்சுக்கிட்டு வருது. அதைச் சரி பண்ணிக்கிட்டே போற ஒரு ஓட்டை ரிப்பேர்க் கப்பல், அதுல ஆறு பேரு. இவ்வளவுதான் கதை. இந்த மாதிரி மத்த தொடர்ல எல்லாம் உலகத்தைக் காப்பாத்துவாங்களாம், ராஜா யாருன்னு சண்டை போடுவாங்களாம். இதுல வாரத்துக்கு ஒரு விளக்கு கெட்டுப்போகும், இவங்க போவாங்க, திருகாணி பொருந்தாது, கேட்ட சாமான் மேலிடத்துலேருந்து வராது, எப்படியோ ஒட்டுப் போட்டு எரிய வச்சுட்டு அடுத்த விளக்குக்குப் போவாங்க. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவருக்கு இதை விட்டா வேற எந்தக் கதை பிடிக்கும், சொல்லுங்க. முதல் அத்தியாயத்துல அந்தக் கப்பல் கேப்டன் மேலிடத்துக்குப் பேசி, நான் கேட்டது அரை அங்குலம் நீங்க அனுப்பினது முக்கால் அங்குலம்னு சொன்னதும் உங்க அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டார். அன்னிக்கு எழுந்தவர்தான். உங்க கல்யாணத்துக்கு ஒண்ணரை மணி நேரம் தாமதமா வந்தாரே, லிஃப்டுல ஒரு குடும்பம் மாட்டிக்கிச்சுன்னு சொன்னாரே, அப்படி எந்தக் குடும்பமும் மாட்டல தம்பி. அன்னிக்கு நாற்பத்தேழாவது அத்தியாயம். அவர் இல்லாத நேரத்துல சொல்றது தப்புதான், இருந்தபோது சொல்லியிருந்தா அதைவிடப் பெரிய தப்பாயிருக்கும்.

இதே மாதிரி பைத்தியம் பிடிச்சவங்க நம்ம ஊர்லயே இருபது இருபத்திரண்டு பேர் இருக்காங்க. மாசத்துல முதல் ஞாயிறு காலையில ஒரு டயர்க் கடை மாடியில கூடுவாங்க. நீங்க இவங்களைப் பார்த்திருக்கீங்க. அண்ணனைக் கொண்டுபோற அன்னிக்கு, பட்டப்பகல்ல, சாம்பல் ஓவரால் போட்டு நெத்தியில விளக்கை எரியவிட்டுக்கிட்டு வரிசையா வந்து வாசல்ல நின்னாங்களே, அவங்கதான். கரெண்டைக் கட் பண்ண வந்த கூட்டம்னு நினைச்சுக்கிட்டு நீங்க போய், ஒரு சாவு வீட்டுல கூட உங்களுக்கு ஈவு இரக்கம் இல்லையான்னு கேட்டு, அதுல முன்னாடி நின்ன பல் டாக்டரைப் பிடிச்சுத் தள்ளிட்டீங்க. அவர்தான் அவங்களுக்குத் தலைவர். நல்ல மனுஷர். துக்கத்துல எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கம்மான்னு எங்கிட்ட சொல்லிட்டு, கீழே விழுந்த ஹெல்மெட்டைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார்.

அந்தக் கூட்டத்துல உங்க அண்ணன் என்ன வேலை பார்த்தார்னு உங்களுக்குத் தெரியாது. அந்தத் தொடர்ல ஒருத்தர் விளக்கு மேல ஏறினா இன்னொருத்தர் கீழே நின்னு ஏணியைப் பிடிச்சுக்கணும். மேல போனவர் இறங்கி வர்ற வரைக்கும் தண்ணி குடிக்கக்கூட நகரக்கூடாது. அதே மாதிரி இந்தக் கூட்டத்துக்குப் புதுசா யார் வந்தாலும் அவங்களுக்குக் கதையைச் சொல்லி, எதை முதல்ல பார்க்கணும்னு சொல்லி, பாதியில ஓடிப்போகாம பார்த்துக்க ஒரு ஆள் உண்டு. ஏணி பிடிக்கிறவர்னு பேரு. பத்தொன்பது வருஷம் உங்க அண்ணன்தான் ஏணி பிடிச்சார். அவர் போனதும் அந்த வேலையை நில அளவைக்காரர் ஒருத்தர் எடுத்துக்கிட்டார். அவரைக் கண்ணாடின்னுதான் கூப்பிடுவாங்க, கண்ணுல ஒரு கண்ணாடி நெத்தியில ஒரு கண்ணாடி எப்பவும் இருக்கும். நிலத்தை அளக்கிற மாதிரியே மனுஷங்களையும் அளப்பார். புதுசா வந்தவங்க கையில அம்பது கேள்வி உள்ள தாளைக் குடுத்து எழுதச் சொல்லியிருக்கார். கதையே தெரியாம வந்தவங்க என்னத்தை எழுதுவாங்க? நாலு பேர்ல மூணு பேர் பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டுட்டுப் போய் அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. நாலாவது ஆள் கால்ல கட்டுப் போட்டிருந்ததால உக்காந்திருந்தாராம்.

அப்பத்தான் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அம்மா, நீங்க வந்து ஒரு தடவை சொல்லுங்க, இருபது வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து பார்த்தவங்க நீங்க, உங்களை விட்டா இதைச் சொல்ல ஆள் யாருன்னார். நான் எட்டாவதோட நின்னவ, மேடையில பேசி வழக்கமில்லைன்னேன். மேடையே கிடையாது, டயர்தான் அடுக்கியிருக்குன்னார். எனக்கும், சரி, அவர் நின்ன இடத்துல கண்ணாடி நின்னுக்கிட்டுத் தாள் குடுக்கறதை நினைச்சா வயிறு எரிஞ்சுது. வர்றேன்னேன். எனக்குத் தெரியாத கதையா?

இங்க ஒண்ணைச் சொல்லணும். நான் அவர் பக்கத்துல உக்காந்திருந்தது நிஜம். பார்த்தது நிஜமில்ல. என் தையல் மெஷின் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போட்டிருக்கு, டிவி எனக்கு முதுகுப் பக்கம். இருபது வருஷமும் நான் அந்தத் தொடரைக் காதால கேட்டவ. ஆனா கேட்டது கேட்டதுதான், ஒரு வசனம் விடாம சொல்லுவேன்.

போன ஞாயிறு கிளம்பினேன். உங்க அண்ணன் செஞ்ச கப்பலையும் கொண்டுவரச் சொன்னாங்க, புதுசா வந்தவங்க பார்க்கணுமாம். அது எதுல செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கழிச்சுப் போட்ட பழைய லிஃப்டுல செஞ்சது. பக்கத்துல தகடு, முன்னாடி பட்டன் வரிசை, உள்ள அந்த லிஃப்டுல பேசுற பொம்பளைக் குரலும் அப்படியே இருக்கு. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். பஸ் குலுங்கினதுல என் முழங்கை எதுலயோ பட்டுடுச்சு. கதவு மூடப்படுகிறது, விலகி நிற்கவும்னு அது கணீர்னு சொன்னதும், படிக்கட்டுல இருந்த அத்தனை பேரும் உள்ள ஏறிட்டாங்க. அஞ்சு வருஷமா கண்டக்டர் கத்தியும் நடக்காதது அன்னிக்கு நடந்துச்சு. அவர் எனக்குக் கும்பிடு போட்டார். அடுத்த ஸ்டாப்புக்கு முன்னாடியே ஏழாவது தளம்னு சொன்னதுல ஒரு பெரியவர் இறங்கப் போயிட்டார். அதுக்கப்புறம் அதிக சுமை, ஒருவர் வெளியேறவும்னு விடாம சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. நான் ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே இறங்கி, தொட்டியளவு கப்பலை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தே போனேன்.

மாடியில முன் வரிசையில புதுசா வந்தவங்க மூணு பேர். கார் ஓட்டக் கத்துக்குடுக்கிற ஒரு அம்மா, ரொட்டிக் கடையில வேலை பார்க்கிற ஒரு ஆள், அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ராத்திரி டூட்டி முடிச்சுட்டு அப்படியே வந்திருந்தா, கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு. பின்னாடி கூட்டம் முழுக்க. நான் அவர் ஓவராலைப் போட்டுக்கிட்டு, கையை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டு, சுவத்துல முதுகைச் சாய்ச்சு நின்னு ஆரம்பிச்சேன். கேப்டன்னா மனுஷர் ஆறடி உசரம், நல்ல பருமன், மீசை இருக்கும்னு நினைக்கிறேன்னு சொன்னேன். முன் வரிசையில மூணு பேரும் என் தலைக்கு மேல பார்த்தாங்க. நானும் திரும்பிப் பார்த்தேன். அங்க ஒரு படம் ஒட்டியிருந்துச்சு. கேப்டன் ஒரு பொம்பளை தம்பி. குருவி மாதிரி இருக்கா. குரலைக் கேட்டா இடி இடிக்கும். இருபது வருஷம் நான் அந்தம்மாவை மனுஷர் மனுஷர்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன், உங்க அண்ணன் ஒரு நாள் ஒரு வார்த்தை திருத்தல.

விட்டேனா? பொம்பளையா இருந்தா என்ன, உசரமும் பருமனும் குரல்ல இருக்குன்னு சொல்லிட்டு மேல போனேன். கப்பல் டாக்டருக்கு ஒரு கால் கட்டைன்னு சொன்னேன், நடந்தா டொக் டொக்னு கேட்கும். படத்துல பார்த்தா அவருக்கு நாலு காலு, நாலும் குளம்பு. சமையல்காரர் எந்திரம், அதான் சிரிக்கவே மாட்டார்னு சொன்னேன். கண்ணாடி கையைத் தூக்கி, அக்கா, சமையல்காரர் மனுஷர், கலகலன்னு சிரிச்சுக்கிட்டே இருக்கறதுதான் எந்திரம்னார். ஒரு எந்திரம் எதுக்குச் சிரிக்கணும்னு கேட்டேன். நாற்பத்தேழாவது அத்தியாயத்துல அதுக்கு விளக்கம் இருக்குன்னார். அந்த நாற்பத்தேழால எங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒரு கல்யாணம் கெட்டுது, அதை விடுங்கன்னேன். பின்னாடி எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

அப்புறம் அந்தக் கார் அம்மா, ஒரு விளக்குலேருந்து இன்னொரு விளக்குக்கு அவ்வளவு தூரம் எப்படி ஒரு நொடியில போறாங்கன்னு கேட்டாங்க. அதைச் சொல்றதுக்குத்தான் கண்ணாடி போன மாசம் கரும்பலகையில அரை மணி நேரம் கோடு போட்டுக் காட்டினாராம். நான் சொன்னேன், லிஃப்டுல போறீங்க, கதவு மூடுது, கதவு திறக்கும்போது வேற இடம், நடுவுல என்ன நடந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா, அதே மாதிரிதான் இதுவும். ஓ, அவ்வளவுதானான்னாங்க. ரொட்டிக் கடைக்காரர், இதுல வில்லன் யாருன்னு கேட்டார். வில்லன் யாரும் இல்ல, விளக்குலேருந்து செம்புக் கம்பியைத் திருடறவங்கதான், அவங்களும் பாவம், அதை வித்துக் குளிருக்குக் கம்பளி வாங்கத் திருடறாங்கன்னேன். அவர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார். மனசுக்குள்ள நான் உங்க அண்ணன்கிட்ட, பார்த்தீங்களான்னு கேட்டுக்கிட்டேன். தம்பி, நாலு மாசத்துல நான் நல்லா இருந்த ஒரு மணி நேரம் அதுதான்.

அப்பத்தான் அந்த நர்ஸ் கேட்டா. ரொம்ப மெதுவாத்தான் கேட்டா.

"அக்கா, இது கடைசியில எப்படி முடியும்? கெட்டதா முடியும்னா இப்பவே சொல்லிடுங்க. வார்டுல நான் பார்க்கறது போதும்."

அந்தக் கூட்டத்துக்கு இருக்கிற ஒரே விதி முடிவைச் சொல்லக்கூடாதுங்கறது. யாருக்கும் சொல்லக்கூடாது, எதுக்காகவும் சொல்லக்கூடாது. நான் முதுகைச் சாய்ச்சு நின்ன அதே சுவத்துல அதைப் பெரிய எழுத்துல எழுதி வச்சிருந்தாங்களாம், என் முதுகு மறைச்சுடுச்சு. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அந்தக் கண்ணைப் பார்த்துட்டுச் சொல்லாம இருந்திருக்க மாட்டேன். நல்லாத்தாம்மா முடியும், கடைசி விளக்கையும் ஏத்திடுவாங்க, ஆறு பேரும் வீடு வந்து சேர்ந்துடுவாங்க, தைரியமா பாருன்னேன்.

அதை நான் காதால கேட்டதில்ல தம்பி. கடைசி அத்தியாயம் வந்த அன்னிக்கு உங்க அண்ணன் என்னை ஜிப்பு வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வந்து என்னாச்சுன்னு கேட்டதுக்கு இந்த மூணு வரியைத்தான் சொன்னார். அதுக்கப்புறம் மொத்தத் தொடரையும் எத்தனை தடவை போட்டாலும் நூத்திப்பதினொண்ணோட நிறுத்திட்டு மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பார். கடைசிதான் உனக்கே தெரியுமே, அதுல என்ன இருக்குன்னுவார். நானும் நூலை மாத்திக்கிட்டே ஆமான்னுவேன்.

நான் அதைச் சொல்லி முடிச்சேன். கீழே டயருக்குக் காத்து அடிக்கிற சத்தம் கேட்டுது. எவ்வளவு நல்லா சொல்லியிருக்கோம்னு நான் நினைச்சேன். பல் டாக்டருக்கு விக்கல் வந்துடுச்சு. கண்ணாடி எதையோ சொல்ல எழுந்தவர், திரும்ப உக்காந்து, ரெண்டு கண்ணாடியையும் கழட்டித் துடைச்சார். நர்ஸ் மட்டும் பெரிசா மூச்சு விட்டு, சேர்றவங்க பேர் எழுதற நோட்டை வாங்கி முதல் ஆளா பேர் எழுதினா. மத்த ரெண்டு பேரும் எழுதினாங்க. மூணுக்கு மூணு. இதுவரைக்கும் உங்க அண்ணனுக்குக்கூட அப்படி நடந்ததில்லையாம்.

கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆளுக்கு ஒருத்தரா நாலு பேர் எனக்கு டீ கொண்டுவந்து குடுத்தாங்க. நாலையும் குடிச்சேன், வேண்டாம்னா மனசு கஷ்டப்படும்னு. எல்லாரும் ஆஸ்பத்திரியில நோயாளிகிட்டப் பேசுற மாதிரிப் பேசினாங்க. கண்ணாடி என் கையிலேருந்து கப்பலை வாங்கி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தார். என்னை மதிக்காத மனுஷர் எதுக்குத் தூக்கறார்னு நினைச்சேன். பஸ் வர்ற நேரத்துல ஆரம்பிச்சார்.

"அக்கா, நீங்க சொன்னது இல்லக்கா முடிவு."

"அப்ப எது?"

"அதைச் சொல்லக்கூடாதுக்கா."

"ஏன் சொல்லக்கூடாது?"

"நீங்க இன்னும் பார்க்கலையே."

பஸ் வந்துடுச்சு, கப்பலை என் மடியில வச்சுட்டு இறங்கிட்டார். கதவு மூடப்படுகிறதுன்னு அது சொல்லுச்சு. யாரும் சிரிக்கல.

யோசிச்சுப் பாருங்க தம்பி. அந்த மாடியில இருபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் தெரியும். கட்டினவளுக்கு ஒரு முடிவு, ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு முடிவு. அவர் எங்கிட்ட எதையும் மறைச்சதில்லைன்னு உங்க வீட்டுக்காரிகிட்ட எத்தனை தடவை பெருமையா சொல்லியிருக்கேன். அவரோட ஷூ அளவு தெரியும் எனக்கு, எந்தக் கட்டடத்துல எந்த லிஃப்ட் எந்த மாசம் மக்கர் பண்ணும்னு தெரியும், தூக்கத்துல அவர் எந்தப் பக்கம் புரளுவார்னு தெரியும். இருபது வருஷமா எனக்குப் பின்னாடி ஓடின ஒரு கதையோட முடிவு தெரியல. நான் போய் அதை ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லியிருக்கேன். அவங்க யாரும் சிரிக்கல, பாவம் பார்த்தாங்க. சிரிச்சிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

ஆகவே, தம்பி, முடிவாகச் சொல்கிறேன். அந்தப் பெட்டியைத் திறக்கக்கூட எனக்கு இஷ்டமில்லை. என்னிடம் சொல்லாமல் மறைத்ததை இனிமேல் தோண்டித் தெரிந்துகொண்டு ஆகப்போவது என்ன? எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிவிட்டேன். கடைக்காரரிடம் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லப் போகிறேன். வாடகை வாங்குகிற வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுவேன். தையல் மெஷினை மட்டும் என்னோடு கொண்டுவருவேன், அதை உங்கள் பின்பக்கத்து அறையில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடுங்கள், டிவி இல்லாத பக்கமாக இருந்தால் சரி. ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் வாசலில் தயாராக நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரிக்கு என் அன்பு. சமையலறையில் அவள் சொல்படிதான் நடப்பேன் என்று சொல்லுங்கள், முதல் வாரமாவது நடப்பேன். பெரியவன் படிப்பில் முன்னுக்கு வரட்டும். சின்னவள் பல் விழுந்த இடத்தில் நல்ல பல்லாக முளைக்கட்டும். நீங்கள் நால்வரும் நோய் நொடி அண்டாமல், நான் வருவதற்கு முன்னால் எப்படி ஒற்றுமையாக இருந்தீர்களோ நான் வந்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அண்ணி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்னைக்கு வியாழன். பையிலேயே இருந்துச்சு, தபால்ல போடல. கிழிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், இவ்வளவு எழுதினதுக்குக் கை வலிக்குது, அதனால அப்படியே அனுப்பறேன். படிச்சுட்டீங்க இல்ல? இப்ப அதையெல்லாம் மறந்துடுங்க.

நேத்து அந்த நர்ஸ் பொண்ணு கடைக்கு வந்தா. கையில சாம்பல் துணி, ஓவரால் தைக்கணுமாம். ஏழு அத்தியாயம் முடிச்சுட்டேன்க்கா, வார்டுல முந்தாநாள் ரொம்பக் கஷ்டமாயிடுச்சு, வீட்டுக்கு வந்து இதைத்தான் போட்டேன், ஆறு பேரும் திரும்பி வந்துடுவாங்கன்னு நீங்க சொன்னதாலதான் பார்க்கவே முடியுதுன்னா. நான் அவ தோள் அளவை மூணு தடவை எடுத்தேன், மூணும் வேற வேறயா வந்துச்சு. கடைக்காரர்கிட்ட தலைவலின்னு சொல்லிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து, கட்டின மூட்டையைப் பிரிச்சு, நூத்திப்பன்னிரண்டைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்து பார்த்தேன்.

முடிவு என்னன்னு கேட்காதீங்க, சொல்லக்கூடாது. அண்ணன் சொன்ன மாதிரி இல்ல, அவ்வளவுதான். இன்னொண்ணு சொல்றேன், அது கதையில வராது. அந்தக் கடைசி அத்தியாயம் வந்த வருஷம்தான் அவரோட வேலை பார்த்த ஒருத்தர் லிஃப்ட் கிணத்துல விழுந்துட்டார். நான் தினமும் சாயங்காலம் வாசல்லயே நின்னு, தெருமுனையில இவர் தலை தெரிஞ்சாத்தான் உள்ள வருவேன். அந்த முடிவைக் கேட்டிருந்தேன்னா மறுநாள் காலையில அவரை வேலைக்கு விட்டிருக்க மாட்டேன். அந்த மனுஷருக்கு அது தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு நான் வாங்கிட்டு வந்த ஜிப்பு எதுக்குமே வேண்டியதில்லைன்னும் இப்பத்தான் புரியுது. அவர் படத்துக்கு முன்னாடி நின்னு அரை மணி நேரம் திட்டினேன். நாலு மாசமா வராத அழுகையும் அப்பவே வந்துச்சு. பக்கத்து வீட்டுலேருந்து வந்து கதவைத் தட்டினாங்க, டிவின்னு சொல்லிட்டேன்.

இப்ப சங்கடம் என்னன்னா, அந்தப் பொண்ணு என் வார்த்தையை நம்பி மேல மேல பார்த்துக்கிட்டே போறா. நிஜத்தைச் சொல்ல அந்தக் கூட்டத்து விதி விடல. தனியா உக்காந்து அந்தக் கடைசியைப் பார்க்கவிட எனக்கு மனசு இல்ல. இனிமே நீயா பார்க்காதே, இங்க வந்து எங்கூட பாருன்னு சொல்லிட்டேன். ஞாயிறு ரெண்டு, புதன் ரெண்டு. இன்னும் நூத்தியஞ்சு இருக்கு, அரை வருஷத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர முடியாது, அதுக்குள்ள அடுத்த மாசம் இன்னும் நாலு பேர் புதுசா வர்றாங்களாம், பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கார். கண்ணாடி அந்த அம்பது கேள்வித் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டாராம். நான் கடைக்காரர்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. பின்பக்கத்து அறையைப் பெரியவன் படிக்கக் குடுங்க.

வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க மட்டும் பஸ்ஸுல வாங்க. வரும்போது பல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா நல்லது, அவர் ஒண்ணும் நினைக்கல, ஆனாலும் கேளுங்க. ஞாயிறு நாலு மணிக்கு எட்டாவது போடுவோம். ரெண்டு மணிக்கே வந்தீங்கன்னா முதல் ஏழையும் நான் வாயால சொல்லிடுவேன், கேப்டன் பொம்பளைன்னு சரியாவே சொல்லுவேன். அதுக்கு மேல என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னாலும், கொழுந்தனார்னுகூட பார்க்க மாட்டேன், சொல்ல மாட்டேன்.